இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

கெங்கையம்மன் முன்னால் நான் கள்ளப் பூ வைத்தேன்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒரு பொட்டலத்தில் சிவப்பு என்று கட்ட வேண்டியது. நான் இரண்டிலும் சிவப்பு வைத்துக் கட்டினேன். பெற்ற மகளை ஏமாற்ற அம்மனையே சாட்சிக்கு இழுத்தேன்.

எதற்காக என்று கேட்கிறீர்களா? சொன்னால், இவ்வளவுதானா என்பீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கும் ஒரு மன்றத்தில் என் மகள் ரேவதி சேரக் கூடாது... அதற்காகத்தான்.

நான் எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் அடுப்பு பற்றவைத்ததில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றாமல் இருந்ததில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டுக் காரியமானாலும் பூ கட்டிப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுத்தமான கை என்று பெயர். அந்தக் கையால்தான் செய்தேன்.

பூ கட்டிப் பார்ப்பது உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கம் இப்படித்தான். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டும் ஒரே வடிவம், கையில் எடுத்தால் ஒரே கனம். தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழை நாரால் முடிச்சுப் போட வேண்டும். கேள்வியை மனத்தில் நினைத்துக்கொண்டு அம்மன் காலடியில் வைத்தால், ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அம்மன் சொல்லாமல் விட்டதை மனிதர் பார்க்கக் கூடாது என்பார்கள். அது அப்படியே காலடியில் கிடந்து, மறுநாள் வாடிய மாலைகளோடு பாலாற்று மணலுக்குப் போய்விடும்.

அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் நான் இறங்கினேன். சாமி கும்பிடாத ஒருத்திக்கு இந்த வழி தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியது.

எங்கள் வீடு ஆம்பூரைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய தெருவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். நான் வீட்டிலேயே ஷூவுக்கு அப்பர் தைக்கிறேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், அடி இருக்காது. செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் மூட்டை கொண்டுவந்து போடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப் போவார். வெட்டிய தோலில் வரிசையாகத் துளை இருக்கும். இரண்டு ஊசியை இரண்டு பக்கமும் விட்டு, நூலை இழுத்து இறுக்க வேண்டும்.

தைத்த அப்பர்களைச் சுவரோரம் அடுக்கி வைப்போம். நாக்குத் தொங்கிக்கொண்டு, அடி இல்லாமல், கால் இல்லாமல்... புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு கூட்டம் நம்மையே பார்த்துக்கொண்டு அங்கே நிற்பது போலவும், ஆட்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாதது போலவும் இருக்கும். பழகினால் ஒன்றுமில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேவதி ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் ஓடிவந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"ம்மா, மேகலா டீச்சர் வானியல் மன்றம் ஆரம்பிக்கிறாங்க. செவ்வாயும் வெள்ளியும், ஸ்கூல் விட்டதும். நாங்களே டெலஸ்கோப் செய்யப் போறோம். லென்ஸ் மட்டும் டீச்சர் வாங்கிட்டாங்க. மத்ததெல்லாம் பைப்புதானாம்."

"பைப்பா? அதுல மொதல்ல தண்ணி வருதான்னு பாருங்க," என்றார் அவள் அப்பா.

"ப்பா, கேளேன். என் பேர்ல ஒரு நட்சத்திரம் இருக்குதில்ல, அது நெஜமாவே மேல இருக்குதாம். ரொம்ப லேசா தெரியுமாம். இங்க கம்பெனி லைட்டுல தெரியாது. ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கினு போயி காட்டுவாங்களாம்."

"அப்டியா? ரேஷன் கார்டுல அதையும் சேத்துடுவோமா?" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பினார். "சேரட்டுமே, ம்மே. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய், மூட்டை வரும் நாள். வெள்ளி, மூட்டை போகும் நாள்.

ஆறாவது படிக்கும்போதிருந்தே அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாள். முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். நூலை இரண்டு சுற்று முறுக்கி, நுனியை அடியில் சொருகும் முடிச்சு. எவ்வளவு நடந்தாலும் அவிழாது. ஒன்பதாவது வந்தபோது என்னைவிட வேகமாகத் தைத்தாள். "அக்கா, உன் தையலையும் பொண்ணு தையலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, கம்பெனிக்காரன் பொண்ணைத்தான் வேலைக்குக் கூப்டுவான்," என்று ஏஜெண்ட் சொன்னபோது நான் பூரித்துப் போனேன்.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? மலை, இருட்டு, பெண்பிள்ளை என்றெல்லாம் ஊரிடம் நான் சொன்னது வேறு. என் மனத்தில் இருந்தது அவளுடைய பத்து விரல்கள். அவை இல்லாமல் மூட்டை முடியாது.

இதை யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு ஷமீமாவும் என்னைப் போலவே அப்பர் தைக்கிறவள். அவள் மகள் நஸ்ரின், ரேவதியோடு ஒரே வகுப்பு. நஸ்ரின் கேட்ட அன்றே ஷமீமா சரி என்றுவிட்டாள்.

"அப்போ மூட்டையை யார் முடிக்கிறது?" என்று கேட்டேன்.

"கம்மியா தைச்சா கம்மியா துன்னுவோம்க்கா. பொண்ணு இன்னா மிஷினா?"

அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். ஆனாலும் அதற்குப் பிறகு, தைக்க ஆள் வேண்டும் என்ற வார்த்தையை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. வெட்கம்... அந்த வெட்கம் எனக்கு ஒரு வழி காட்டியது.

"மலைக்குப் போற விஷயம். அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்," என்றேன். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. ரேவதிக்கு அதைவிடச் சந்தோஷம். என் கை சுத்தமான கை என்று அவளும் நம்பினாள்.

வியாழக்கிழமை மேகலா டீச்சரே வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுவரோரக் குவியலை ஒரு பார்வை பார்த்தார்.

"மார்க்குக்காக சொல்லலம்மா. கிளாஸ்ல நான் கேட்டாத்தான் பசங்க பேசுவாங்க. மன்றம்னு வந்துட்டா அவங்களே கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. இது ஏன் இப்படி, அது ஏன் அப்படின்னு. உங்க பொண்ணு முந்தாநாள் கேட்டா, சூரியனை ரொம்ப தூரத்துல போய் நின்னு பாத்தா அதுவும் நட்சத்திரமாத்தான் தெரியுமான்னு. அதுவரைக்கும் அவ வாய் தெறந்து நான் பாத்ததே இல்ல. நாலு பேரோட சேந்து ஒரு வேலை செய்யவும் வரும், தப்பா போனா பிரிச்சிப் பாத்து மறுபடி செய்யவும் வரும். கேட்டுப் பழகுன புள்ளைய யாரும் லேசுல ஏமாத்த முடியாதும்மா."

நல்ல காபி போட்டுக் கொடுத்தேன். அம்மன் உத்தரவு கொடுத்தால் அனுப்புகிறேன் என்றேன்.

மறுநாள் காலை, வீட்டுப் பின்னால் இருக்கும் அரளிச் செடிகளுக்கு நடுவில் தனியாக நின்றேன். குளித்த ஈரம் காயவில்லை. சிவப்பில் ஒன்று பறித்தேன். வெள்ளைச் செடிப் பக்கம் கை போயிற்று... திரும்பி வந்து, சிவப்பில் இன்னொன்று பறித்தது.

கை நடுங்கவில்லை. இன்றும் எனக்கு விளங்காதது அதுதான். நடுங்கியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ!

கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவின் பேத்தி, மூன்று வயதுக் குழந்தை, வந்து ஒன்றை எடுத்தது. ரேவதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன. பூசாரி நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தார்.

சிவப்பு.

"சரி உடு, கண்ணு. அம்மன் சொல்லிட்டா," என்றார் அவள் அப்பா.

ரேவதி கண்ணைத் திறந்தாள். பூசாரியின் கையில் இருந்த பூவை அவள் பார்க்கவே இல்லை. அம்மன் காலடியில் மீதியாகக் கிடந்த அந்த இன்னொரு பொட்டலத்தையே பார்த்தாள். காற்று ஏதும் இல்லை. விளக்குச் சுடர்கூட நேராக நின்றது. ஆனால் அந்த இலை மட்டும் மெல்ல, உள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது போல, விரிந்து அடங்கியது. வாழை நாரின் ஈரம் உலர்ந்து இளகியிருக்கும்... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "சரிம்மா," என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு மூட்டை முன்னால் உட்கார்ந்தாள். துளையில் நூல் இழுபடும் சத்தம் சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று அவள் எப்போதையும்விட வேகமாகத் தைத்தாள். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு சூரிய கிரகணம் வந்தது. பகல் வேளை. மன்றத்துப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடினார்கள். நஸ்ரின் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் ஓடினாள். நான் கதவைச் சாத்தினேன். அடுப்பு அணைத்து, சமைத்ததைக் கொட்டி, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டேன். "ஊசியைத் தொடாதே," என்றேன். ரேவதி அப்பர் குவியல் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட். அதில் ஆணி அடித்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. வெயில் நேரத்தில் அதன் வழியாக ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெளிச்சம் விழும். காலையில் ஒரு சுவரோரம் தொடங்கி, மத்தியானத்துக்குள் தரையில் ஊர்ந்து குவியலுக்குப் போகும். தினமும் பார்ப்பதுதான்.

அன்று அது வட்டமாக இல்லை.

யாரோ ஒரு ஓரத்தைக் கடித்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடி பெரிதாயிற்று. பிறகு பிறை. கூரையில் எங்களுக்குத் தெரியாமலே இன்னும் சில ஓட்டைகள் இருந்திருக்க வேண்டும். அங்கங்கே மங்கலாக, நகம் வெட்டிப் போட்டது போல, சின்னச் சின்னப் பிறைகள். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, அந்தக் கால் இல்லாத ஷூக்களின் மேல் நின்று, ஒன்றாகத் தேய்ந்தன.

தாயே, தாயே என்று நெஞ்சுக்குள் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை.

ரேவதி எழுந்து போய் உள்ளங்கையை நீட்டினாள். ஒரு பிறை அவள் கையில் உட்கார்ந்தது.

"பயப்படாதம்மா. ஓட்டை அப்படியேதான் இருக்குது. சூரியன்தான் தேய்ஞ்சி தெரியுது. எப்பவும் விழுற வட்டம்கூட ஓட்டையோட வட்டம் இல்ல. ஓட்டை கோணலா இருக்குது பாரு. அது சூரியனோட படம்."

"உனக்கு யாரு சொன்னாங்க?"

"நஸ்ரின் சொன்னா." கையை மூடினாள். பிறை விரல்களின் மேல் ஏறிக்கொண்டது. "கதவைச் சாத்திட்டா உள்ள ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினியாம்மா?"

குரலில் கோபம் இல்லை. கிரகணத்தைத்தான் சொன்னாள். கிரகணத்தைத்தான் சொன்னாளா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என் உள்ளே முள் மாதிரி நிற்கிறது.

மழைக் காலத்தில் அந்த ஓட்டை ஒழுகியது. அடைத்துவிடுகிறேன் என்று அவள் அப்பா ஸ்டூல் போட்டு ஏறினார். "வேணாம்ப்பா," என்றாள். இந்த வீட்டில் அவள் வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றுதான். ஒழுகும் இடத்தில் ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள்.

நஸ்ரினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

அந்தப் பெண் முன்பெல்லாம் யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் புர்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மன்றத்தில் சேர்ந்த பிறகு, பைப்பை ரம்பத்தால் அறுக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் செய்த டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்ததாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், பிரித்திருக்கிறார்கள், ஏன் என்று வாதாடியிருக்கிறார்கள். வானத்தில் தலைகீழானால் என்ன, பரவாயில்லை என்று தாங்களே முடிவும் செய்திருக்கிறார்கள். வாலாஜாபேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில் நஸ்ரின் மைக்கைப் பிடித்துப் பேசினாள். ஷமீமா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் கைதட்டினேன். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் வலித்தது.

"வாய் ஜாஸ்தியாயிடுச்சிக்கா இவளுக்கு. எதைச் சொன்னாலும் ஏன், ஏன்னு. ஒரே பேஜாரு," என்றாள் ஷமீமா. முகமெல்லாம் சிரிப்பு.

என் மகள் ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். வேறொன்று கேட்கத் தொடங்கினாள்.

"பூ கட்டிப் பாத்தியாம்மா?"

முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா... பூ கட்டிப் பார். ரம்ஜானுக்கு நஸ்ரின் வீட்டுக்குச் சாப்பிடப் போகலாமா... பூ கட்டிப் பார். பள்ளிக்கூடத்தில் அமிர்தி காட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள், போகலாமா... பதினொன்றாவதில் எந்தப் பாடம் எடுக்கலாம்... எல்லாவற்றுக்கும் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நிற்பாள். பூவெல்லாம் வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். தாம்பாளத்தை அவள்தான் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு முன்னால் நடப்பாள்.

அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தத் தடவைகளில் நான் கள்ளம் செய்யவில்லை. ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ஒழுங்காகக் கட்டினேன்.

ஒவ்வொரு தடவையும் சிவப்பே வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு வெள்ளையே வராதாம்," என்று தெருவில் பேச ஆரம்பித்தார்கள். பூ எடுக்கிற குழந்தைகளின் தாய்மார்கள், எங்களைக் கண்டால் குழந்தையை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். சிவப்பு வரும்போதெல்லாம் ரேவதி தலையை ஆட்டிவிட்டு, எடுக்காத பொட்டலத்தைத்தான் பார்ப்பாள். பிறகு, முதல் நாள் சொன்ன அதே குரலில், "சரிம்மா."

பன்னிரண்டாவது முடிந்தது. நஸ்ரின் வேலூரில் கல்லூரியில் சேர்ந்தாள், இயற்பியல். மேகலா டீச்சர் மறுபடி வீடு தேடி வந்தார். "ரேவதிக்கு இன்னும் நேரம் இருக்குதும்மா. நஸ்ரினுக்கு நான் சொல்லிக் கொடுத்தது பாதி. மீதியை அவளே தேடிக்கினா. உங்க பொண்ணும் தேடுவா. விட்டுப் பாருங்க," என்றார்.

இந்தத் தடவை என் நெஞ்சு உடைந்துவிட்டது. போதும், இவளை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பூவைக் கேட்காமல் அவள் வாசற்படி தாண்ட மாட்டாள். எனவே...

ஆம். மறுபடியும் கள்ளம் செய்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தேன். கட்டின பொய்யை அவிழ்க்க இன்னொரு பொய் கட்டினால் போதும் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் புடவை மாற்ற உள்ளே போனேன். வெளியே வந்தபோது ரேவதி தாம்பாளத்தோடு வாசலில் தயாராக நின்றாள். அவள் முன்னால், நான் பின்னால். கோயிலில் பூ எடுக்க ஒரு குழந்தையைப் பிடிப்பதே கொஞ்சம் சிரமமாயிற்று. கடைசியில் பூசாரியின் தங்கை மகள் வந்து எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

ஆனி வெயில், கல் தரை சுடுகிறது, எனக்கோ பல் கிட்டுகிறது. நான் வைத்தது வெள்ளை. என் கையால் பறித்து, என் கையால் மடித்தது.

சொல்லியிருக்கலாம். நான் இரண்டும் வெள்ளைதானே வைத்தேன் என்று அந்த இடத்திலேயே கத்தியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் முதல் தடவை என்ன வைத்தாய்? தெருப் பெண்கள் நிற்கிறார்கள். அவள் அப்பா நிற்கிறார். எதிரே அம்மன்.

வாயை மூடிக்கொண்டேன்.

முதல் பாவத்தைவிட இது கனமானது. அன்று உண்மை என் வாய்க்குள்ளே வந்து நின்றது. நான் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். ரேவதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அல்ல, முதல் தடவையாக என்னை. எதற்கோ காத்திருப்பது போல... நான் எதுவும் பேசாததைக் கண்டு, மெல்லத் தலையாட்டினாள்.

"சரிம்மா."

எல்லாரும் நகர்ந்த பிறகு நான் கட்டுப்பாட்டை மீறினேன். எடுக்காத பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய், கோயிலுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பிரித்தேன்.

அதிலும் சிவப்பு. அப்போதுதான் பறித்தது போல, ஈரத்தோடு.

நாரின் முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்று முறுக்கி, நுனியை அடியில் சொருகிய முடிச்சு. என் முடிச்சு. அப்படிப் போடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர்தான். ஒருத்தி நான். இன்னொருத்திக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அம்மன் மாற்றினாளா? அப்படியானால் எனக்குக் கதி இல்லை. ரேவதி மாற்றினாளா? அப்படியானால் முதல் நாளே அவளுக்குத் தெரியும். மீதியாகக் கிடந்த பொட்டலத்தை எங்கேயோ, எப்போதோ பிரித்துப் பார்த்துவிட்டாள். பிறகு வந்த சிவப்பெல்லாம் அவள் வைத்தது. முடி வெட்டக் கூடாது, பிரியாணிக்குப் போகக் கூடாது, கல்லூரிக்குப் போகக் கூடாது என்று தன் கையாலேயே தனக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஒரு பெண் அப்படிச் செய்வாளா? அம்மா எப்போது வாயைத் திறக்கிறாள் பார்ப்போம் என்றா?

எதை நினைத்தால் எனக்குப் பயம் குறையும்? நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு தடவை அவளிடம் சொல்லிவிடப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ரேவதி, அன்னிக்கு அந்த மன்றத்துக்கு..." என்று தொடங்கினேன்.

"ஊசியைக் கோத்துக் குடும்மா. கண்ணு எரியுது," என்றாள்.

கோத்துக் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது.

உங்கள் பிள்ளை வந்து, பள்ளிக்கூட மன்றத்தில் சேரட்டுமா என்று ஒரு நாள் கேட்கும். நாடகமோ, நட்சத்திரமோ, செடி நடுவதோ, எதுவாகவும் இருக்கட்டும். அந்தச் சாயங்கால நேரம் உங்களுக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாமியை அதில் இழுக்காதீர்கள். பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று டீச்சர் எனக்கு விவரமாகச் சொன்னார். அது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. தறிக்காரக் குடும்பம். நல்லவர்கள். பையனைப் பற்றியும் குறை சொல்ல ஒன்றுமில்லை. "பொண்ணுக்குப் பிடிச்சிருக்குதா?" என்று அவர்கள் கேட்டார்கள். "அம்மா பூ கட்டுவாங்க," என்றாள் ரேவதி. எவ்வளவு பக்தியான பெண் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோயிலுக்குப் போக வேண்டும்.

காலையில் தலை முழுகிவிட்டுத் தாம்பாளத்தோடு தரையில் உட்கார்ந்தேன். வெள்ளையில் இரண்டு, சிவப்பில் இரண்டு பறித்து வைத்திருந்தேன். ஏன் அப்படிப் பறித்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்ச வட்டம் தரையில் ஊர்ந்து, தாம்பாளத்தின் விளிம்பைத் தொட்டது.

பின்னால் ஊசி நின்றது. நூல் இழுபடும் சத்தம் நின்றுபோனால் வீடு எவ்வளவு அமைதியாகிவிடும் தெரியுமா... ரேவதி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான்கு பூக்களையும் பார்த்தாள். சுவரோரம் அந்தக் கால் இல்லாத கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வாட்டி எதை வைக்கப் போறம்மா?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். இட்லியா தோசையா என்று கேட்பது போல.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மறுபடி நூல் இழுபடத் தொடங்கியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரம் வரை நான்கு பூவும் தாம்பாளத்தில்தான் இருக்கின்றன. வெளிச்சம் அவற்றைத் தாண்டிக் குவியலுக்குப் போய்விட்டது. மடியில் நார் ஈரமாக இருக்கிறது. நான் இன்னும் முடிச்சுப் போடவில்லை.